நெட் தேர்வில் நரம்பு சிக்னலிங்: இந்தக் கால்சியம் எங்கிருந்து வந்தது?

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்ஸில், செல்கள் செய்தி பரிமாறும் முறையான செல் சிக்னலிங்கைப் பலரும் அம்புக்குறிப் படமாக மனப்பாடம் செய்கிறார்கள். பார்ட் பி-க்கு அது ஓரளவு போதும். பார்ட் சி-யில் ஒரு சோதனையைக் கொடுத்து என்ன நடக்கும் என்று கேட்பார்கள். சரியானால் 4 மதிப்பெண், தவறினால் 1 குறையும். அதனால் நரம்பு செல் பகுதியை நான் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு படித்தேன்: இந்தக் கால்சியம் எங்கிருந்து வந்தது?

ஓய்வில் இருக்கும் நியூரானின் (நரம்பு செல்லின்) சைட்டோசாலில், அதாவது உள் திரவத்தில், கால்சியம் சுமார் 100 நானோமோலார்தான். வெளியே 1 முதல் 2 மில்லிமோலார், அதாவது பத்தாயிரம் மடங்குக்கு மேல். செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலையான எண்டோபிளாசமிக் ரெட்டிகுலத்திலும் நிறையச் சேர்ந்திருக்கும். ஆக, முக்கியமான வழிகள் இரண்டு.

நரம்பு முனையில் வருவது வெளிக் கால்சியம். சவ்வின் மின்னழுத்த மாற்றத்தால் வோல்டேஜ் சேனல் திறந்ததும் உள்ளே பாய்கிறது, சினாப்டோடேக்மின் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு சவ்வின் ஃபாஸ்பாடிடைல்செரின், பிப்2 போன்ற எதிர்மின் லிப்பிட்களில் (கொழுப்புகளில்) ஒட்டுகிறது, செய்தி கடத்தும் வேதிப்பொருள் (நரம்புக்கடத்தி) நிறைந்த பையான வெசிக்கிள் சவ்வோடு இணைகிறது. எல்லாம் மில்லிநொடிக் கணக்கு.

இன்னொரு வழியில் லிப்பிட்டே உடைந்து செய்தியாகிறது. அசெட்டைல்கோலின் என்ற நரம்புக்கடத்தி எம்1 ஏற்பியில் அமர்ந்தால், ஜிக்யூ என்ற புரதம் வழியாக ஃபாஸ்போலிபேஸ் சி என்ற நொதி தூண்டப்பட்டு பிப்2-வை ஐபி3, டாக் என்று இரண்டாக வெட்டுகிறது. ஐபி3 நீரில் கரையும், சைட்டோசாலுக்குப் போய் ரெட்டிகுலத்தின் கால்சியத்தைத் திறந்துவிடும். டாக் சவ்விலேயே தங்கும். அந்தக் கால்சியமும் டாக்கும் சவ்வில் சேரும் இடத்தில் புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதி விழித்துக்கொள்கிறது. இது கொஞ்சம் நிதானமான பாதை, நொடிக் கணக்கில் ஓடும்.

வரலாற்றுப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். ஹோக்கின் தம்பதி 1953-இல் புறாக் கணையத் துண்டுகளில் அசெட்டைல்கோலின் சேர்த்தபோது ஃபாஸ்போலிப்பிட்டில் பாஸ்பரஸ் வேகமாக ஏறியது. அது கால்சியத்தோடு தொடர்புள்ளது என்று மிச்செல் 1975-இல் சொன்னார். 1983-இல் பெரிட்ஜ் குழுவினர் துளையிட்ட கணைய செல்களில் ஐபி3 சேர்த்தார்கள், உள்சேமிப்பிலிருந்து கால்சியம் வெளிவந்தது. இந்தச் சோதனையைக் கொஞ்சம் மாற்றினாலே ஒரு பார்ட் சி கேள்வி தயார்.

உதாரணமாக, எம்1 ஏற்பி உள்ள செல்லுக்கு வெளியே கால்சியம் இல்லை, கால்சியத்தைப் பிடித்துவைக்கும் இஜிடிஏ இருக்கிறது. அசெட்டைல்கோலின் கொடுத்தால்? முதல் உயர்வு வரும், அது உள்சேமிப்பு. ஆனால் நீடிக்காது, ஏனென்றால் நீடிக்க வெளிக் கால்சியம் வேண்டும். ரெட்டிகுலத்துக்குள் கால்சியத்தை ஏற்றும் பம்பைத் தடுக்கும் தாப்ஸிகார்ஜின் கொடுத்துச் சேமிப்பை முன்பே காலி செய்திருந்தால் அந்த முதல் உயர்வும் வராது. இதே இஜிடிஏவை நரம்பு முனையில் போட்டால், ஆக்‌ஷன் பொட்டன்ஷியல் (நரம்பின் மின்துடிப்பு) வந்தாலும் நரம்புக்கடத்தி வெளியேறாது.

பெரும்பாலானோர் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. பிப்2 குறைவதே ஒரு சிக்னல். கேசிஎன்க்யூ பொட்டாசியம் சேனல் திறந்திருக்க பிப்2 தேவை. அது வெட்டப்பட்டால் சேனல் மூடும், நியூரான் எளிதில் தூண்டப்படும். விடைகளில் ஐபி3, டாக் இரண்டையும் தடுத்தும் விளைவு வருகிறது என்றிருந்தால் இதைத்தான் யோசியுங்கள்.

அப்புறம் லித்தியம். அது இனோசிட்டால் மோனோஃபாஸ்பட்டேஸ் என்ற நொதியைத் தடுப்பதால், பிப்2-வை மறுபடி உருவாக்கத் தேவையான இனோசிட்டாலின் மீட்சி நின்றுபோகும். இதையும் அதே படத்தில் ஐபி3-இலிருந்து பிப்2-வுக்குத் திரும்பும் அம்பின் மேல் எழுதி வையுங்கள்.