ஒரு பொத்தானுக்குப் பெயர் வைத்த கதை

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் லிங்க் ரிசால்வர் என்கிற மென்பொருளைப் போட்டபோது, ஜர்னல் பட்டியலைச் சரிபார்ப்பதுதான் பெரிய வேலை என்று நினைத்திருந்தேன். அது மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது. பொத்தானுக்குப் பெயர் வைக்கத்தான் இரண்டு மாதம் ஆனது.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். மருத்துவக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் போன்ற தளத்தில் பெரும்பாலும் கட்டுரையின் சுருக்கம்தான் கிடைக்கும். பக்கத்தில் இருக்கிற சின்னப் படத்தை, அதாவது அந்தப் பொத்தானை, அழுத்தினால் ஆண்டு, தொகுதி, பக்க எண், ஐஎஸ்எஸ்என் (இதழின் அடையாள எண்) போன்ற விவரங்களோ கட்டுரையின் அடையாள எண்ணோ ஒரு நீள முகவரியாகக் கோத்து நம் நூலகத்துக்கு வரும். நாம் எங்கே சந்தா கட்டியிருக்கிறோம் என்று பார்த்து ரிசால்வர் வாசகரை அங்கே அனுப்பும். 1990களின் கடைசியில் பெல்ஜியத்தில், கென்ட் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் வான் டி சோம்பெல் குழு இதை உருவாக்கி எஸ்எஃப்எக்ஸ் என்று பெயர் வைத்தது. அந்த மூன்று எழுத்தையே பல நூலகங்கள் பொத்தானாக மாட்டிவைத்தன. அழுத்தினால் என்ன வரும் என்று அதைப் பார்த்து யாருக்குத் தெரியும்? கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்கூட ‘யுசி-ஈலிங்க்ஸ்’ என்று வைத்திருந்ததைப் பின்னாளில் ‘கெட் இட் அட் யுசி’ (யுசியில் பெறுங்கள்) என்று மாற்றிக்கொண்டது.

எங்களுக்கு வந்த முதல் யோசனை ‘முழுக்கட்டுரை’. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அழுத்துகிறவருக்கு எப்போதும் முழுக்கட்டுரை கிடைக்காதே. சில சமயம் அச்சுப் பிரதி இருக்கிற ரேக் எண் மட்டும் வரும். சில சமயம் வேறு நூலகத்திலிருந்து வரவழைக்கும் விண்ணப்பம் வரும். இரண்டு தடவை ஏமாந்தவர் மூன்றாம் தடவை அந்தப் பொத்தான் பக்கம் போகமாட்டார். ‘அறிவுப் பாலம்’ என்று ஒரு பேராசிரியர் எழுதிக்கொடுத்தார். விழா மலருக்கு ஆகும்.

படம் இன்னொரு தலைவலி. ஆய்வு மாணவர்கள் ஐந்து பேரை உட்காரவைத்து, தாளில் அச்சடித்த படங்களைக் காட்டி, “இதை அழுத்தினால் என்ன ஆகும்?” என்று மட்டும் கேட்டேன். சங்கிலிக் கண்ணிக்கு, “லிங்க் காப்பி ஆகும்” என்றார்கள். பூதக்கண்ணாடிக்கு, “பெரிசாத் தெரியும்.” கீழ்நோக்கிய அம்புக்கு, “பிடிஎஃப் இறங்கும்.” ரிசால்வரோடு வந்த நீலச் சின்னத்தைக் காட்டியதும் ஒரு பெண் யோசிக்கவே இல்லை. “விளம்பரம் சார். நான் தொடவே மாட்டேன்.”

பெயர் கடைசியில் ரேக் அடுக்குகிற அண்ணன் வாயிலிருந்து வந்தது. “பசங்க என்கிட்ட வந்து ‘அண்ணே, இது நம்மகிட்ட இருக்கா’ன்னுதான் சார் கேக்குறாங்க” என்றார். அதுதானே ரிசால்வர் செய்கிற வேலை! கேள்வியாக இருப்பதால் பொய் வாக்குறுதியும் இல்லை. பேச்சு வழக்கு வேண்டாம் என்று மேலே மறுத்தார்கள், ‘நம்மிடம் உண்டா?’ என்று திருத்தினோம்.

சின்னப் படத்தில் அதைப் போட்டால் ‘ண்’ணின் சுழிகள் அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிட்டது. தடித்த எழுத்தை விட்டு மெல்லிய எழுத்துக்கு மாறி, பல்கலைக்கழக முத்திரையைத் தூக்கிய பிறகுதான் படிக்க முடிந்தது. முத்திரையை எடுக்க ஒப்புதல் வாங்கிய கதை தனி. அப்புறம் பார்த்தால், கூகுள் ஸ்காலரில் படமே போட முடியாது, வெறும் எழுத்துதான். பெயரை முதலில் முடித்தது நல்லதாய்ப் போயிற்று.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் முதல் நாளே செய்துவிடுங்கள்: படத்தை உங்கள் சர்வரில் ஒரே இடத்தில் வைத்து அந்த முகவரியை எல்லாத் தரவுத்தளங்களுக்கும் கொடுங்கள். நான் சிலவற்றில் நேரடியாக ஏற்றிவிட்டேன். வண்ணம் மாற்றியபோது ஒவ்வொன்றாகப் போய் மாற்ற வேண்டியிருந்தது. ஒன்றில் இன்னமும் அந்த நீலச் சின்னமே நிற்கிறது.

போன வாரம் ஒரு பையன் கைபேசியை அண்ணனிடம் நீட்டி, “அண்ணே, ‘நம்மிடம் உண்டா’ன்னு அழுத்தினேன், ரேக் 14ன்னு சொல்லுது” என்றான். அண்ணன் திரையைப் பார்க்காமலே எழுந்து நடந்தார்.