க்ளென்மோர் கேலிக் இடப்பெயர்கள்: ரைவோன் அவிழ்ந்தது

ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலையடியில் உள்ள க்ளென்மோரின் இடப்பெயர்களுக்கு, அவை பிறந்த கேலிக் மொழியில் பொருள் தேடிப் பட்டியல் போடுகிறேன். அதில் ரொம்ப நாளாக இழுத்தடித்த ரைவோன் என்ற பெயர் ஒருவழியாகப் பிடிபட்டது. முதல் இரண்டு படிகள் வழக்கம்போலத்தான்: 1:25,000 வரைபடத்துப் பெயர்களை விரிதாளில் ஏற்றி, ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் பழைய ஆறங்குல (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்) வரைபடத்தோடு ஒப்பிடுவது. அந்தத் தளம் இலவசம், அருமையானது.

பாடாய்ப் படுத்துவது மூன்றாம் படி. பெயரின் பின்பாதி ஆறாம் வேற்றுமையில் நிற்கும்; அதனால் அதன் முதலெழுத்து பெரும்பாலும் மாறியிருக்கும். அப்படியே அகராதியில் தேடினால் அகப்படாது. முதலெழுத்தை மீட்க வேண்டும். 'பி'க்குப் பின் 'எச்' வந்தால் ஒலி 'வ'. 810 மீட்டர் உயர மியால் அ வுவகில்ய மலையின் பெயரில் அந்த 'எச்'சை எடுத்தால் 'புவகில்ய', மாட்டிடையன். கோய்ர அன் ட்ரெக்க என்ற மலைக்குடைவின் பெயரில் எழுத்து 'டி', சிறு கோடு, 'எஸ்' என்று போகும். 'எஸ்' ஒலிக்காது, ஆனால் தேட வேண்டியது 'எஸ்' வரிசையில்: பனி.

ரைவோனும் இதே கதைதான். 'வோன்' என்பதன் 'வ' பழைய 'பி'. நடுவிலிருந்த 'ஹ' ஆங்கிலக் காதுக்கு எட்டாமல் போயிற்று. மீட்டால் 'பொஹன்', சிறு குடில். 'ரை' என்பது 'ருய'. அகராதி முதலில் முன்கை, சரிவு என்று சொல்லும்; கிழக்கு மலைநாட்டில் அது கோடைக் கிடை. ஆகக் குடில் கிடை. கிடை என்று முடிவு கட்டுமுன் செயற்கைக்கோள் படத்தையும் பார்த்துவிடுங்கள்: தலைமுறை தலைமுறையாக மாட்டுச் சாணம் விழுந்த இடம் ஹெதர் புதருக்கு நடுவே பச்சைத் திட்டாகத் தெரியும்.

இன்வர்னஸ் வட்டாரத்தின் 1876–78 நில அளவைப் பெயர்ப் பதிவேடுகள்மேல் எனக்குக் கோபம் உண்டு. எழுத்துக்கூட்டலுக்குச் சாட்சியாக நிலக்கிழாருக்கும் பாதிரியாருக்கும்தான் முதலிடம். மாடு மேய்த்தவர் வாய்மொழி பின்னால்தான்.

விரிதாளில் நிறப் பெயர்களுக்கான பத்தியும் பாதியில் நிற்கிறது. கெய்ர்ன்கார்ம் என்றால் நீலக் கற்குவியல். ஒரு சிகரத்தின் பெயர் தொடர் முழுவதற்கும் பரவிவிட்டது. தொடரின் கேலிக் பெயர் அம் மோனக் ருவக், செம்மலை. இளஞ்சிவப்புக் கிரானைட்டைப் பார்த்தால் காரணம் புரியும்.

அதை முடிக்குமுன் லாரிக் க்ரூ கணவாயில் கை வைத்தாகிவிட்டது. அங்கே 'க்ரூ'வின் 'எச்'சை எடுத்தால் மட்டும் போதாது: 'ஜி-எச்', 'டி-எச்' இரண்டும் அந்த இடத்தில் ஒரே ஒலி. மூலம் 'ஜி'யா 'டி'யா? கணவாயிலிருந்து வடக்கே இறங்கும் நீர் ட்ரூயி ஆற்றில் சேர்வதால் நான் 'டி' பக்கம். அடுத்து அந்த ஓடையின் கிளைப் பெயர்களை ஏற்ற வேண்டும்.