கார்ட் ஒஸ்லோவில், பின் நம்பர் கொக்குவிலில்

ஒஸ்லோவில் ஒரு பலசரக்குக் கடை. 640 குரோணருக்குச் சாமான் எடுத்துவிட்டேன், பின்னால் ஆறேழு பேர் நிற்கிறார்கள், மெசின் பின் நம்பர் கேட்கிறது. அந்த நம்பர் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் என் அலுமாரிக்குள், வங்கி அனுப்பிய உறையில், பிரிக்கப்படாமல் கிடக்கிறது.

நோர்வேயில் காசைக் கண்ணால் காண்பதே அரிது என்று, நான் போய்த் தங்கவிருந்த ஒஸ்லோ அக்கா முதலே சொல்லியிருந்தா. அதனால்தான் வெளிக்கிட இரண்டு கிழமைக்கு முன் ரவுணில் இருக்கும் என் வங்கிக் கிளைக்குப் போனேன். ஒரு மணித்தியாலம் காத்திருந்து கிடைத்த பதில்: "ஒண்டும் செய்யத் தேவையில்லை அண்ணை, எல்லா நாட்டிலயும் வேலை செய்யும்." சொன்ன தம்பி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பின் நம்பர் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கிரெடிட் கார்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டே பழகிய எனக்கும் அது தோன்றவில்லை.

சாமானை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். வெட்கம்தான்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் மகள், என் மருமகள், சிரித்தாள். "மாமா, 500 குரோணருக்குள்ள எண்டால் தட்டினாலே போதும், பின் கேக்காது." அதன் பிறகு கடைக்குப் போனால் சாமானை இரண்டாகப் பிரித்து இரண்டு பில் போடுவேன். எப்போதாவது அதற்கும் கேட்கும், அப்போது அக்காவைத்தான் பார்க்க வேண்டும்.

பஸ் டிக்கெட் வேறு கதை. ஒஸ்லோ பஸ்களை நடத்தும் ரூட்டர் நிறுவனத்தின் செயலியில் கார்ட்டைப் பதிந்தால் வங்கி ஓ.டி.பி. அனுப்புகிறது. எங்கே? ரோமிங் போடாத என் இலங்கை சிம்முக்கு! ரோமிங்கை மட்டும் ஊரிலேயே போட்டுவிட்டுப் போங்கள், மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

சரி, காசு இருக்கிறதே என்று அம்மா தந்த தாள்களை எடுத்தேன். 2014 நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது அத்தான் கொடுத்தது. மூன்று ஆயிரம், மூன்று இருநூறு. பஞ்சாங்கத்துக்குள் வைத்து மடிப்புக்கூட விழாமல் அம்மா பாதுகாத்து வைத்திருந்தா. கடைக்காரப் பிள்ளை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டியது. பழைய 200 குரோணர் 2018 மே மாதத்தோடும், ஓவியர் எட்வர்ட் மூங்க்கின் படம் போட்ட பழைய 1000 குரோணர் 2020 நவம்பரோடும் செல்லாமல் போய்விட்டதாம். கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு: தாளில் மனித முகம் இருந்தால் பழையது. புதியவற்றில் கப்பல், மீன், அலை என்று எல்லாம் கடல்தான். உங்கள் வீட்டு அலுமாரியிலும் கிடக்கலாம், இன்றே பாருங்கள். செல்லாமல் போன நாளிலிருந்து 10 வருடத்துக்கு நோர்வே மத்திய வங்கி மாற்றித் தரும்.

இத்தனைக்கும் 2024 ஒக்டோபரிலிருந்து, ஆள் நின்று விற்கும் கடைகளில் காசு வாங்க மறுக்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நம்மவர் கூடிய இடத்தில் வடை விற்ற அன்ரி, என் புத்தம் புதுத் தாளைக் கண்டதும், "மிச்சம் தர என்னட்டச் சில்லறை இல்லைத் தம்பி, விப்ஸ் பண்ணுங்கோ" என்றா. விப்ஸ் என்பது போனிலேயே காசு அனுப்பும் நோர்வே செயலி. அதற்கு அந்நாட்டு அடையாள இலக்கம் வேண்டும். நம்மைப் போல வந்து போகிறவர்களுக்குக் கிடையாது. உளுந்து வடைக்கு மருமகள்தான் போனில் காசு அனுப்பினாள்.

நாலாம் நாள் மனைவி உறையைக் கண்டுபிடித்தா. வாட்ஸப் அழைப்பில் நாலு இலக்கத்தையும் வாசித்தா. அப்படிச் செய்யக் கூடாதென்று தெரியும், ஆனால் அன்று மாலை 900 குரோணருக்கு ஒரே பில் போட்ட சுகம் இருக்கிறதே!

அம்மாவின் தாள்களை அத்தான் படிவத்தோடு மத்திய வங்கிக்குத் தபாலில் அனுப்பினார். 3,600 குரோணரும் அவருடைய கணக்குக்கு வந்துவிட்டது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நான் தந்தது தாள், தாளாகவே தா என்கிறா.