மஞ்சள் காடையும் பொரிக்காத கால்பங்கு முட்டைகளும்

மஞ்சள் சேவலோடு மஞ்சள் பெட்டையைச் சேர்த்து விட்டால் குஞ்சுகள் அத்தனையும் மஞ்சளாகவே பிறக்கும் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். கண்டனூர் வீட்டின் இரண்டாங்கட்டில் கூண்டுகளை அடுக்கி ஜப்பானியக் காடைகளை நிறத்துக்காக வளர்க்கத் தொடங்கிய முதல் ஆண்டு முழுவதும் அந்த நம்பிக்கை தோற்றுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பொரிப்பிலும் சாதாரணப் பழுப்புக் குஞ்சுகள் தலைகாட்டின. அதைவிட வருத்தம் தந்தது, முட்டைகளில் ஏறக்குறைய கால்பங்கு பொரிக்காமலே கிடந்ததுதான்.

இன்குபேட்டரின் வெப்பம் 37.5 பாகையில் நிற்கவில்லையோ, மின்வெட்டு நேரத்தில் குளிர்ந்துவிட்டதோ என்று கருவியையே பழித்துக்கொண்டிருந்தேன். காடை முட்டையின் ஓடு புள்ளியும் திட்டுமாக இருப்பதால், விளக்கொளியில் பிடித்துப் பார்த்தும் உள்ளிருப்பது தெளிவாகத் தெரியவில்லை. நாட்டுக்கோழிகளை அடைவைத்தே வயதேறிய என் அப்பத்தாதான் ஒருநாள் தட்டுகளைப் பார்த்துவிட்டு, “பெட்டியைக் குத்தம் சொல்லாதே ராசா. பழுப்புக் கூண்டு முட்டையும் இதே பெட்டியிலதானே இருந்துச்சு, அதெல்லாம் நல்லாத்தானே பொரிச்சிருக்கு. மஞ்சக் கூண்டுலதான் இத்தனை கூமுட்டை” என்றார். விடை கருவியில் இல்லை, பறவைகளில் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மஞ்சள் நிறம் ஓங்கு பண்பு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து அந்த மரபணுவின் ஒரு பிரதி வந்தாலே இறகு மஞ்சளாகிவிடும். இரண்டு பிரதிகள் ஒரே கருவில் சேர்ந்தாலோ அந்தக் கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடுகிறது. ஆகவே உயிரோடு நடமாடும் மஞ்சள் காடை ஒவ்வொன்றும் ஒரு மஞ்சள் பிரதியையும் ஒரு சாதாரணப் பிரதியையுமே சுமக்கிறது. அத்தகைய இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒரு கரு அழியும்; பொரிக்கும் குஞ்சுகளில் மூன்றில் இரண்டு மஞ்சளாகவும் ஒன்று பழுப்பாகவும் இருக்கும். என் நோட்டுப் புத்தகத்தின் கணக்கு இதற்கு வெகு அருகில் இருந்ததைக் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

இதே விகிதத்தை 1905இல் பிரெஞ்சு அறிவியலாளர் லூசியன் குவேனோ மஞ்சள் எலிகளிடம் கண்டார். விடுபட்ட கால்பங்கு கருவிலேயே இறக்கிறது என்பதை 1910இல் வில்லியம் காசில், கிளாரன்ஸ் லிட்டில் என்ற அமெரிக்க அறிவியலாளர்கள் விளக்கினர். இறகின் கருமைக்கு யூமெலனின் என்ற நிறமியும் செம்மஞ்சளுக்குப் பியோமெலனின் என்ற நிறமியும் காரணம். நிறமிச் செல்லை இரண்டாவதன் பக்கம் திருப்பும் மரபணு ஏ.எஸ்.ஐ.பி. மஞ்சள் காடையில் அதற்கு முன்புறம் 90,000க்கும் மேற்பட்ட டி.என்.ஏ. எழுத்துகள் அறுந்து போயிருப்பதால், அருகிலுள்ள ‘ராலி’ மரபணுவின் இயக்கத்துக்குள் அது வந்துவிடுகிறது. இது 2008இல் வெளியான ஆய்வின் முடிவு. எலியிலும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் அறுபட்டிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அன்றிலிருந்து மஞ்சளைப் பழுப்போடு மட்டுமே சேர்க்கிறேன். குஞ்சுகளில் பாதிதான் மஞ்சளாகும் என்றாலும் நிறத்துக்காக ஒரு கருவும் சாவதில்லை. குஞ்சுகள் வெளிர்மஞ்சளாக மங்கிவிடுவதும் இல்லை. ஆத்தங்குடித் தரைக்கல்லில் அச்சின் ஓர் அறையில் ஊற்றிய வண்ணம் அடுத்த அறைக்குள் கசியாததைப் போல, மரபணுக்களும் ஒன்றோடொன்று கரைந்துவிடுவதில்லை.

இலவங்கப்பட்டை நிறத்தின் கதை வேறு. அது ஒடுங்கு பண்பு; சாதாரணப் பிரதி ஒன்று உடனிருந்தால் வெளியே தெரியாது. அதன் மரபணு, ஆண் பெண் வேறுபாட்டைத் தீர்மானிக்கும் இசட் குரோமோசோமில் இருக்கிறது. பறவைகளில் சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒன்றுதான். அதனால் இலவங்கப்பட்டை நிறச் சேவலைப் பழுப்புப் பெட்டையோடு சேர்த்தால் மகள்கள் எல்லாம் தகப்பனின் நிறத்திலும், மகன்கள் எல்லாம் பழுப்பாகவும் பிறக்கும். மார்பின் செம்மையும் புள்ளியும் தெரிய மூன்று வாரம் காத்திராமல், பொரித்த அன்றே ஆண் பெண் பிரித்துவிடலாம். சேவலையும் பெட்டையையும் மாற்றிச் சேர்த்தால் எல்லாக் குஞ்சும் பழுப்புதான்.

இம்முறை இலவங்கப்பட்டை நிறச் சேவலோடு மஞ்சள் பெட்டைகளை விட்டு, 36 முட்டைகள் வைத்திருக்கிறேன். மகள்களில் பாதிக்கு இரண்டு நிறமும் ஒருசேர வந்திருக்க வேண்டும். அப்படியொரு காடையை நான் இதுவரை பார்த்ததில்லை. இன்று பதினான்காம் நாள்.