சிறிய டீசல் காரில் நைட்ரஸ் ஆக்சைடு: புகையை அளவுகோலாகக் கொண்டு செய்த ஐந்து மாத வேலை

என்னிடம் இருப்பது 1.4 லிட்டர் எஞ்சினும் நான்கு சிலிண்டர்களும் டர்போவும், உயரழுத்தப் பொதுக்குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசல் கொடுக்கும் காமன் ரயில் முறையும் கொண்ட ஒரு பழைய சிறிய டீசல் கார். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது அதன் திறன் 68 குதிரைத்திறன். புகைத்துகள் வடிகட்டி வருவதற்கு முந்தைய தலைமுறை என்பதால், அதிக எரிபொருள் கொடுத்துச் சோதிக்கும்போது அடைத்துக்கொள்ள வடிகட்டி எதுவும் அதில் இல்லை. பெரிய டர்போவோ பெரிய இன்ஜெக்டர்களோ பொருத்தாமல், மூடப்பட்ட ஓட்டத்தளத்தில் சில விநாடிகளுக்கு மட்டும் கூடுதல் திறன் கிடைக்கும்படி நைட்ரஸ் ஆக்சைடைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது எனது நெடுநாள் விருப்பம். ஐந்து மாதங்களில் என்ன செய்தேன், எங்கே பிழைபட்டேன், அளந்தபோது என்ன கிடைத்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நைட்ரஸ் தானே எரியும் பொருள் அன்று. அதன் எடையில் ஏறத்தாழ 36 விழுக்காடு ஆக்சிஜன். காற்றில் அது 23 விழுக்காடுதான். சிலிண்டருக்குள் இருக்கும் வெப்பத்தில் அதன் மூலக்கூறு உடைந்து நைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரியும்போது ஓரளவு வெப்பமும் வெளிப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள், காற்று மெலிந்த உயரங்களில் எஞ்சின் திறன் குறையாமல் இருக்க இதையே ஜி.எம்.-1 என்ற பெயரில் பயன்படுத்தின. அவை பெட்ரோல் எஞ்சின்கள். டீசலில் கணக்கு வேறு, அந்த வேறுபாட்டை நான் சரியாகப் புரிந்துகொள்ளவே முதல் இரண்டு மாதங்கள் சென்றன.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் ஏறத்தாழ நிறைவான விகிதத்தில் கலந்தே உள்ளே செல்கின்றன. அங்கே எரிபொருளைக் கூட்டாமல் நைட்ரஸை மட்டும் கூட்டினால் கலவை மெலிந்து, பிஸ்டன் உருகும் வரை போகலாம். டீசலில் காற்று எப்போதுமே தேவைக்கு மிகுதியாக உள்ளே செல்கிறது. எவ்வளவு டீசல் பீய்ச்சப்படுகிறது என்பதே திறனைத் தீர்மானிக்கிறது. ஆகவே டீசலைக் கூட்டாமல் நைட்ரஸை மட்டும் கொடுப்பது, ஏற்கெனவே மிச்சமிருக்கும் ஆக்சிஜனோடு இன்னும் சிறிது ஆக்சிஜனைச் சேர்ப்பது மட்டுமே. மாறாக, எரிபொருளை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் காற்று போதாமல் கரும்புகை கிளம்புகிறது. வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறுகிறது. நைட்ரஸுக்கு உண்மையான வேலை அந்தக் கட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று முதலிலேயே கணக்கிட்டுக்கொண்டேன். ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 3.3 கிலோ ஆக்சிஜன் வேண்டும். விநாடிக்கு 5 கிராம் நைட்ரஸ் சென்றால் அதில் 1.8 கிராம் ஆக்சிஜன் இருக்கும். அது விநாடிக்கு அரை கிராம் டீசலை எரிக்கும். அரை கிராம் டீசலில் இருக்கும் வெப்பம் ஏறத்தாழ 21 கிலோஜூல். அதில் மூன்றில் ஒரு பங்கு சுழல்தண்டுக்கு வந்தால் 7 கிலோவாட், அதாவது ஒன்பது அல்லது பத்துக் குதிரைத்திறன். 68 குதிரைத்திறன் உள்ள காருக்கு இது சிறிய தொகை அன்று. அதே வேளையில் பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடையும், சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட்டையும் அச்சுறுத்தும் அளவும் அன்று. எனவே விநாடிக்கு 5 கிராம் அளவுக்கான ஜெட்டையே, அதாவது நைட்ரஸின் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளைத் துண்டையே, முதலில் வாங்கினேன்.

முதல் மாதம் முழுவதும் அளவீட்டுக்கும் துப்புரவுக்கும் சென்றது. டர்போவுக்கு முன்னால், சிலிண்டர்களின் புகை ஒன்றுசேரும் கிளைக்குழாயான வெளியேற்றப் பன்மடியில், அதிக வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் ஒன்றைப் பொருத்தினேன். உள்ளிழு குழாயில், நைட்ரஸைப் பீய்ச்சும் நாசில் வரவிருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு வெப்பமானி வைத்தேன். பின்னர் டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் அதன் குழாய்களையும் கழற்றிக் கழுவினேன். டீசல் கார்களில் கிராங்க்கேஸ் ஆவியோடு வரும் எண்ணெய் இந்தக் குழாய்களின் உட்புறத்தில் படலமாகப் படிந்திருக்கும். எண்ணெயும் நைட்ரஸும் ஒன்றாக இருக்கக் கூடாத பொருள்கள். நைட்ரஸ் செல்லும் குழாய்களிலும் இணைப்புகளிலும் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளி கூட இருக்கக் கூடாது என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன். பாட்டிலின் வால்வை எப்போதும் மெதுவாகவே திறக்கிறேன்.

நைட்ரஸ் இல்லாத அடிப்படை அளவீடு இவ்வாறு இருந்தது: மூன்றாவது கியரில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டர் வரை செல்ல எடுக்கும் நேரம், இரு திசைகளிலும் ஓட்டிச் சராசரி எடுத்தபோது, 9.0 விநாடி. ஓட்டத்தின் முடிவில் வெளியேறும் வாயு 640 டிகிரி செல்சியஸ். டர்போவுக்கு முன் 750 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை என்று வரம்பு வைத்துக்கொண்டேன்.

பொருத்தும் வேலையில் மின்சுற்றுக்குத்தான் அதிக யோசனை தேவைப்பட்டது. என் எஞ்சினில் பெட்ரோல் கார்களைப் போன்ற திராட்டில் தட்டு இல்லாததால், ஆக்சிலரேட்டர் மிதியின் அடியில் ஒரு சிறிய சுவிட்ச் வைத்தேன். மிதி முழுவதுமாக அழுந்தினால் மட்டுமே அது இணையும். அதனோடு தொடராக, டர்போ அழுத்தம் 0.7 பாரை எட்டினால் மட்டும் இணையும் சுவிட்ச் ஒன்று. அதற்குப் பின் எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 2,200 முதல் 3,800 சுழற்சிக்குள் இருந்தால் மட்டும் அனுமதிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று. இவற்றின் கடைசியில் ஃபியூஸும் ரிலேயும் வழியாக, நைட்ரஸைத் திறந்து மூடும் மின்வால்வான சோலினாய்டு வால்வு. கியர் மாற்றக் காலை எடுத்தவுடனேயே நைட்ரஸ் நின்றுவிடும்.

எஞ்சின் வேகத்துக்குக் கீழ் எல்லை வைப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஜெட் வழியாக நைட்ரஸ் விநாடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் செல்கிறது. எஞ்சின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பது ஜெட்டுக்குத் தெரியாது. 3,000 சுழற்சியில் நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து விநாடிக்கு 100 முறை காற்றை உள்ளிழுக்கின்றன. அப்போது 5 கிராம் நைட்ரஸ் ஒவ்வோர் இழுப்புக்கும் 50 மில்லிகிராமாகப் பங்கிடப்படுகிறது. 1,500 சுழற்சியில் இழுப்புகள் 50 மட்டுமே. பங்கு 100 மில்லிகிராமாக இரட்டிக்கிறது. டீசல் எஞ்சினில் சிலிண்டர் அழுத்தம் ஏற்கெனவே உயர்ந்திருக்கும் குறைந்த வேகத்தில் இந்த இரட்டிப்புச் சுமையும் சேர்ந்தால், கனெக்டிங் ராடு வளைவதற்கான எல்லாச் சூழலும் அமைந்துவிடும். டர்போ மெதுவாக எழுவதைச் சரிசெய்ய நைட்ரஸைக் கீழேயே தொடங்கிவிடலாம் என்ற ஆசை எனக்கும் வந்தது. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகு அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

நாசில் வைத்த இடத்தில்தான் நான் பிழை செய்தேன். இடவசதி கருதி, காற்றை நான்கு சிலிண்டர்களுக்கும் பிரித்துத் தரும் காற்றுப் பன்மடியின் வாயிலுக்கு மிக அருகில் அதைப் பொருத்தினேன். முதல் சோதனையிலேயே, நைட்ரஸ் திறந்த இரண்டாவது விநாடியில், வழக்கமான டீசல் ஓசைக்கு மேல் ஒரு கடினமான தட்டல் கேட்டது. உடனே காலை எடுத்துவிட்டு ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தபோது, பன்மடியின் நான்கு கிளைகளில் முதலாவதின் மேல் மட்டும் மெல்லிய பனிப்படலம் படிந்திருந்தது. திரவமாக வந்த நைட்ரஸ் காற்றோடு கலக்கப் போதிய தூரம் கிடைக்காமல், நான்கு சிலிண்டர்களுக்குரிய பங்கில் பெரும்பகுதி ஒன்றுக்கே சென்றிருக்கிறது. நாசிலை அங்கிருந்து எடுத்து, இன்டர்கூலரிலிருந்து வரும் குழாயில், பன்மடிக்கு 30 செ.மீ. முன்னால், இடையில் ஒரு வளைவு இருக்கும்படி பொருத்தினேன். தட்டல் அதன்பின் வரவில்லை. கம்ப்ரஷன் சோதனையில் நான்கு சிலிண்டர்களும் முன்பிருந்த அளவையே காட்டியபோதுதான் மனம் அமைதியடைந்தது. டர்போவுக்கு முன்னால் பீய்ச்சினால் கலக்க நிறையத் தூரம் கிடைக்குமே என்று தோன்றலாம். ஆனால் அதிவேகத்தில் சுழலும் கம்ப்ரஸர் சக்கரத்தின் மேல் உறைகுளிர் திரவத்துளிகள் மோதுவதை நான் விரும்பவில்லை.

இரண்டாம் மாத இறுதியில், எரிபொருளைக் கூட்டாமல் நைட்ரஸை மட்டும் திறந்து ஓட்டினேன். 9.0 விநாடி 8.6 ஆனது. உள்ளிழு காற்றின் வெப்பநிலை 50 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு இறங்கியது. காற்றோட்ட உணரியின் அளவு மட்டும் ஏறத்தாழ மாறவே இல்லை. இதை நெடுநேரம் யோசித்தேன். நைட்ரஸ் வாயு குழாயில் இடம் பிடித்துக்கொள்வதால் காற்றின் பங்கு குறைய வேண்டும். ஆனால் அதே நைட்ரஸ் ஆவியாகும்போது காற்றைக் குளிர்வித்து அடர்த்தியாக்குவதால் காற்று கூட வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டன. உணரியைத் தாண்டிய இடத்தில் நைட்ரஸ் சேர்வதால், கூடுதலாக வந்த ஆக்சிஜனைப் பற்றி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவுக்கு எதுவுமே தெரியவில்லை. அது வழக்கமான அளவு டீசலையே கொடுத்தது. கிடைத்த 0.4 விநாடி, நைட்ரஸ் உடையும்போது வெளிப்பட்ட வெப்பமும் சற்றுச் செம்மையாக நடந்த எரிதலும் தந்ததாகவே இருக்க வேண்டும்.

மூன்றாம் மாதத்தில் ஈசியுவின் எரிபொருள் அட்டவணையை மாற்றினேன். முழு அழுத்தத்தில், 2,200 சுழற்சிக்கு மேல், 15 விழுக்காடு கூடுதல் டீசல்; புகைக் கட்டுப்பாட்டு அட்டவணையிலும் அதற்கேற்ற தளர்வு. முதலில் நைட்ரஸ் இல்லாமல் ஓட்டினேன்: 8.4 விநாடி, பின்கண்ணாடியில் கருமேகம், வெளியேறும் வாயு 735 டிகிரி. அடுத்து, அதே அட்டவணையோடு நைட்ரஸையும் திறந்தேன். நேரம் 7.3 விநாடிக்கு இறங்கியது. புகை, பின்னால் நின்று கவனித்த நண்பர் உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் அளவுக்கு வெளுத்தது. வெப்பம் 690 டிகிரியில் நின்றது. அதிக டீசல் எரிந்தும், நைட்ரஸ் இல்லாத ஓட்டத்தைவிட வெப்பம் குறைந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவருவது கடினம். தாமதமாக எரிந்து வெளியேற்றக் குழாய்க்குள் வீணாகச் சென்ற வெப்பம், இப்போது பிஸ்டனைத் தள்ளுவதற்கு நேரத்தோடு கிடைக்கிறது.

நேரத்தைத் திறனாக மாற்றுவது எளிது. நானும் காரும் சேர்ந்து 1,050 கிலோ. 60-லிருந்து 100 வரை வேகம் ஏற, இந்த எடைக்கு ஏறத்தாழ 259 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அதை 9.0 விநாடியில் கொடுத்தால் சராசரி 28.8 கிலோவாட், 7.3 விநாடியில் கொடுத்தால் 35.5 கிலோவாட். காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் இரண்டு ஓட்டங்களிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், வேறுபாடான 6.7 கிலோவாட்டைச் சக்கரத்தில் கிடைத்த உண்மையான ஆதாயமாகக் கொள்ளலாம். அது ஒன்பது குதிரைத்திறன். அதில் ஒரு பங்கு டீசலை மட்டும் கூட்டியபோதே கிடைத்துவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது. உண்மையில் எவ்வளவு நைட்ரஸ் சென்றது என்பதை பாட்டிலை எடைபோட்டே அறிந்தேன்: பத்து ஓட்டங்களில் மொத்தம் 73 விநாடி திறந்திருந்ததற்கு 380 கிராம் குறைந்திருந்தது, அதாவது விநாடிக்கு 5.2 கிராம்.

இந்த அளவு எல்லா நாளும் ஒன்றாக இருப்பதில்லை என்பது நான்காம் மாதத்தில் தெரிந்தது. பாட்டிலுக்குள் திரவமும் ஆவியும் சேர்ந்தே இருப்பதால், அழுத்தத்தை வெப்பநிலை மட்டுமே முடிவு செய்கிறது: 10 டிகிரியில் ஏறத்தாழ 40 பார், 20 டிகிரியில் 50 பார், 30 டிகிரியில் 63 பார். குளிர்ந்த அதிகாலையில் எடுத்த ஓட்டங்களில் மீண்டும் புகை தெரிந்ததற்குக் காரணம் இதுதான். டீசல் அதே அளவு, நைட்ரஸ் மட்டும் குறைவு. வெப்பத்தின் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். 36.4 டிகிரியைத் தாண்டினால் நைட்ரஸ் திரவமாக இருக்க இயலாது. அழுத்தம் 72 பாருக்கு மேல் சென்று, ஜெட் வழியாகச் செல்லும் அளவு கணிப்புக்கு அடங்காமல் போகிறது. வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். எனவே பாட்டிலை ஒருபோதும் காரிலேயே விட்டுவைப்பதில்லை. அதன் பாதுகாப்புத் தகடு வெடித்தால் வாயு காருக்கு வெளியே செல்லும்படி தனிக் குழாயும் இட்டிருக்கிறேன். பாட்டிலைச் சூடேற்றத் தீயைப் பயன்படுத்துவதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியும் அழுத்தமானியும் போதும்.

ஐந்தாம் மாதத்தில் விநாடிக்கு 8 கிராம் ஜெட்டும், 20 விழுக்காடு கூடுதல் டீசலும் வைத்தேன். மூன்றாவது கியரில் நேரம் 6.9 விநாடி, சக்கரத்தில் ஏறத்தாழ 12 குதிரைத்திறன் கூடுதல், வெளியேறும் வாயு 710 டிகிரி. நான்காவது கியரில் அதே சோதனையைச் செய்தபோது, 2,600 சுழற்சியில் எஞ்சின் வேகம் திடீரென ஏற, கார் அதற்கேற்ப முன்செல்லவில்லை. கிளட்ச் நழுவுகிறது. இரண்டு முறை உறுதிசெய்துகொண்டு அதோடு நிறுத்திவிட்டேன்.

இப்போது 5 கிராம் ஜெட்டும் 15 விழுக்காட்டு அட்டவணையும் திரும்ப வந்துவிட்டன. அன்றாட ஓட்டத்துக்குத் தொழிற்சாலை அட்டவணையை ஏற்றி, பாட்டிலைக் கழற்றி வைக்கிறேன். கிளட்ச் தட்டையும் அழுத்தத் தட்டையும் மாற்றுவது அடுத்த வேலை. கியர்பாக்ஸை இறக்கும்போதே பின்பக்க எண்ணெய்க் கசிவுத் தடுப்பு வளையத்தையும் மாற்றிவிட எண்ணியிருக்கிறேன். அதன் பின்னரே 8 கிராம் ஜெட்டை மீண்டும் கையில் எடுப்பேன்.