24-ஆம் பகுதி

அமெரிக்க அரசின் ரகசிய வேலைகளுக்குப் பின்னணி விசாரிக்க நிரப்பும் எஸ்எஃப்-86 படிவத்தில் 24-ஆம் பகுதி வந்ததும் நண்பர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

கடந்த 7 ஆண்டுகளில் குடியால் வேலை, குடும்பம், பணம் எதற்காவது கெடுதல் வந்ததா, போலீஸ் தலையிட்டதா என்று அமெரிக்க அரசு கேட்கிறது. ரகசியக் கோப்புகளைத் தொடும் வேலை என்றால் சும்மாவா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய பழைய வழக்கு ஒன்று அவருக்கு உண்டு. சிகிச்சைக்கும் போனார். இப்போது விருந்திலும் வெறும் சோடாதான்.

"இல்லைன்னு போட்டுடவா?"

அங்கேதான் வில்லங்கம். இந்த வேலைக்கு ஆள் தகுதியா என்று பார்க்க 2017 முதல் நடப்பில் இருக்கும் விதிகளில் குடிக்கு 'ஜி' பிரிவு. பிரச்சினையை ஒத்துக்கொண்டு, சிகிச்சை எடுத்து, குடிக்காமல் இருந்து காட்டினால் அது சாதகமாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

வேண்டுமென்றே மறைத்தால் 'இ' பிரிவு. நேர்மைக் கணக்கு. தெரிந்தே பொய் சொன்னால் 5 ஆண்டுவரை சிறைகூட உண்டு.

அப்புறம், விசாரணை அதிகாரி அக்கம்பக்கத்தாரிடமும் கேட்பார். வாய் சும்மா இருக்குமா!