எட்டு இன்னிங்ஸ்

"ஹிட் ஜீரோ, ரன் ஒண்ணு, ஜெயிச்சுட்டாங்க. இதை அப்படியே ஏத்தலாமாண்ணா?" என்று, பேஸ்பால் ஆட்டக் கணக்குகளை ஏற்றும் நைட் ஷிப்டில் தம்பி கேட்டபோது, ஏற்று என்றேன். அதில் குழப்பமே இல்லை. 2022 மே 15, பிட்ஸ்பர்க் பைரட்ஸ் சின்சினாட்டி ரெட்ஸை 1-0 என்று வென்ற ஆட்டம். ரெட்ஸின் பிட்சர் ஹன்டர் கிரீன் 118 பந்து வீசியும் ஒரு ஹிட் தரவில்லை, அதாவது அவர் பந்தை அடித்து யாரும் முறையாக பேஸ் சேரவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு பேருக்கு வாக் (நாலு பந்து தவறாகப் போனால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) கொடுத்துவிட்டு வெளியேறினார். அடுத்து வந்தவர் இன்னொரு வாக். மூன்று பேஸிலும் ஆள். பைரட்ஸின் கிபிரையன் ஹேஸ் தரையோடு தட்டியதில் இன்னொரு ஓட்டக்காரர் அவுட், ஆனால் பந்து வருமுன் ஹேஸ் முதல் பேஸுக்கு முந்திவிட்டார், ரன் வந்துவிட்டது. இது ஹிட் கணக்கில் வராது.

வம்பு அடுத்த கட்டத்தில். நோ-ஹிட்டரா, அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்கூடத் தராத ஆட்டமா, என்ற இடத்தில் அவன் 'ஆம்' போட்டிருந்தான். மாற்றச் சொன்னேன். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் உள்ளூர் அணிதான் பின்னால் மட்டை பிடிக்கும்; சொந்த மைதானத்தில் முன்னிலையில் இருந்த பைரட்ஸ் அதனால் ஒன்பதாவதில் மட்டை பிடிக்கவே இல்லை. ரெட்ஸ் வீசியது எட்டுதான். 1991 விதிப்படி குறைந்தது ஒன்பது வேண்டும்.

"ஒரு ஹிட்கூட அடிக்கலங்கிறது உண்மைதானே?"

"உண்மையெல்லாம் வேற தம்பி. ரூல்ல என்ன இருக்குன்னு பாரு."

வேறென்ன சொல்வது? மழையால் ஐந்தாறு இன்னிங்ஸில் முடிந்த ஆட்டங்களும் ஒரு காலத்தில் நோ-ஹிட்டர் பட்டியலில் இருந்தன. எங்காவது கோடு போட்டுத்தானே ஆகவேண்டும். ஆளாளுக்கு நியாயம் பார்த்தால் அது பட்டியலே இல்லை.

ஆனால் கோடு விழுந்த இடத்தைப் பாருங்கள். 1964-இல் ஹூஸ்டனின் கென் ஜான்சன் ஹிட் தராமல் 1-0 தோற்றார், பட்டியலில் இருக்கிறார். 1990-இல் யாங்கீஸின் ஆண்டி ஹாகின்ஸ், பின்னால் நின்றவர்கள் பந்தைக் கோட்டைவிட்டதால், ஹிட் தராமலே 4-0 தோற்றார். நோ-ஹிட்டர் என்று எழுதி, மறு வருடம் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஜான்சன் வீசியது உள்ளூரில், ஹாகின்ஸ் வெளியூரில். வெளியூர் பிட்சர் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் தோற்றால் அவருக்கு ஒன்பது முழுதாகக் கிடைக்கவே கிடைக்காது. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் விவாதம் நீளும், வரிசையில் வேறு ஆட்டங்கள் காத்திருந்தன. அதுவும் உண்மைதான்.

அவன் 'இல்லை' என்று மாற்றினான். பக்கத்தில் 'ரெட்ஸ் எட்டு இன்னிங்ஸ், ஹிட் இல்லை' என்று ஒரு குறிப்பும் சேர்த்திருந்தான். அந்த இடத்தில் எதுவும் எழுதக் கூடாது என்பதும் எங்கள் விதி. நான் அழிக்கவில்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் அழித்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.